முன்வரிசைக் காதுக்காரர்

அலெப்போ நகரத்தில் மெத்தை தைத்துப் பிழைத்த வஸ்பி பொய்யே சொல்லாத உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷத்துப் பஞ்சை இந்த வருஷத்துப் பஞ்சு என்று கூசாமல் விற்பார். கல்யாணப் போர்வை நாளைக்குத் தயாராகிவிடும் என்று மூன்று வாரம் தொடர்ந்து சொல்வார். மைத்துனனின் குழந்தையைக் கையில் வாங்கி, "அப்படியே நிலா!" என்பார், அந்தக் குழந்தையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு பொய்யைப் பிடுங்க முடியாது.

அந்த ஊரில் அது பெரிய விஷயம். கச்சேரியில் முன்வரிசை பணக்காரர்களுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது. கேட்கத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான். மசாலாக் கடைக்காரர், சலூன்காரர், தையற்காரர், யாராகவும் இருக்கலாம். ஊர் அவர்களைக் காதுக்காரர்கள் என்று சொல்லும். பாடுகிறவள் ஓர் அடியை ஏற்றி, இறக்கி, சரியான இடத்தில் கொண்டுவந்து வைக்கும் அந்தக் கணத்தில் அவர்கள் "ஆஹ்!" என்பார்கள், "அல்லாஹ்!" என்பார்கள். ஒரு நொடி முந்திச் சொன்னால் அவமானம். பிந்திச் சொன்னாலும் அவமானம்தான். பாட்டு பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார்கள், எழுந்து போகவும் மாட்டார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வெளியூரில் பேர் வாங்கிய பாடகர்கள்கூட இந்த மௌனத்துக்குப் பயந்து அந்த ஊருக்கு வரத் தயங்குவார்கள்.

வஸ்பி அந்த வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. இருபது வயது இருக்கும். ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடியில் மணப்பெண்ணின் மெத்தைகளுக்காக வில்லால் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். கீழே முற்றத்தில் கெய்ரோவிலிருந்து வந்த தௌலத் என்ற புதுப் பாடகி பாடத் தொடங்கினாள். அவளுக்கும் அதே வயதுதான். வஸ்பி வில்லைக் கீழே வைத்தார். அடித்த பஞ்சு இன்னும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் அதில் புகுந்து மாடி முழுவதும் மஞ்சளாக ஏதோ பனி பெய்வதுபோல் இருந்தது. தரையில்தான் நிற்கிறோமா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கீழே அவள் 'வா' என்ற ஒரே சொல்லை எடுத்து ஏழு படி ஏற்றினாள். உச்சிக்குப் போய், அங்கிருந்து இறங்கும்போது மிகச் சின்னதாக ஒரு வளைவு வைத்தாள். முன்வரிசையில் ஒருவருக்கும் அது தட்டுப்படவில்லை. மாடியிலிருந்து, "ஆஹ்!" என்று ஒரு குரல் வந்தது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி வெளுத்துப்போய் வஸ்பி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு அந்தக் கிழவரு?" என்றாள் தௌலத் சிரித்துக்கொண்டே. "அவருக்காக இன்னொரு தடவை பாடறேன்."

பாடினாள். இந்தத் தடவை முன்வரிசைக்கும் அந்த வளைவு கேட்டது. அடுத்த கச்சேரியில் வஸ்பிக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள்.

இரண்டாம் தடவை அவள் வந்தபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வஸ்பிக்கு அதற்குள் பஹியாவோடு கல்யாணமாகி நஸ்மி என்ற மகனும் பிறந்து, ஊர் வழக்கப்படி அவர் அபூ நஸ்மி ஆகியிருந்தார். தௌலத்தை இப்போது எல்லாரும் மரியாதையாகத் தௌலத் ஹானம் என்றார்கள், பெரிய இடம். முதல் பாட்டு முடிந்தது. கொட்டகையே ஆர்ப்பரித்தது. வஸ்பி மட்டும் உதட்டைத் திறக்கவில்லை. இடைவேளையில் அவளே திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ன அபூ நஸ்மி, கோவமா?"

"கோவம் என்ன ஹானம். தபலாக்காரர் ஒரு முடியளவு வேகமாப் போறாரு. நீங்க அவர் பின்னாடி ஓடுறீங்க."

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். இரண்டாம் பாட்டில் தபலா அவள் பின்னால் வந்தது. வஸ்பியின் வாயிலிருந்து மூன்று முறை "ஆஹ்" வந்தது. போகும்போது அவள் சொன்னாள்: "ஆயிரம் பேர் கத்துனா அது எனக்கு மழைச் சத்தம். உங்க வாய் தொறந்தாத்தான் நான் பாடினேன்னு எனக்கே தெரியுது."

இதை வீட்டில் வந்து சொன்னபோது பஹியா செர்ரிப் பழக் கபாபைத் தட்டில் வைத்துக்கொண்டே, "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு 'ஆஹ்' வந்ததுண்டா இந்த வாயிலேர்ந்து?" என்றாள். வஸ்பி உடனே, "ஆஹ்!" என்றார். "இன்னும் வாயில வைக்கவே இல்ல," என்றாள் பஹியா. முந்திச் சொன்னால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் அவளுக்கும் தெரியும்.

பிறகு வருஷங்கள் எப்படிப் போயின என்று வஸ்பியைக் கேட்டால் அவருக்கே தெரியாது. பகலெல்லாம் கடையில் பஞ்சு பறக்கும். சந்தையின் கூரை ஓட்டைகளிலிருந்து இறங்கும் வெளிச்சத் தூண்களில் அது மெல்ல ஏறும், இறங்கும். எதிர்க்கடை போட்டோக்காரர் கராபெத், ஆர்மீனியர், அவரும் முன்வரிசைக்காரர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வம்பு பேசுவார். அவர் கடைக் கண்ணாடியில் தௌலத் ஹானத்தின் படம் மாட்டியிருக்கும். ஊசி ஏறி இறங்கும் தாளத்தில் வஸ்பி அந்தப் பழைய 'வா'வை மனசுக்குள் கேட்டபடியே அரைத் தூக்கத்தில் ஒரு போர்வையை முடித்துவிடுவார். சந்தோஷமான மனிதர்தான், சந்தேகமில்லை.

எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இருந்த அந்த மூன்று வருஷத்தில்தான் தௌலத் ஹானம் மூன்றாம் முறை வந்தாள். வியாழக்கிழமை பெரிய கச்சேரி. அதற்கு இரண்டு நாள் முன்னால், காதுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வீட்டு முற்றத்தில் பாடிக்காட்டுவது வழக்கம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நாரத்தை மரத்தடியில் நிழல் விழுந்திருந்தது. நீரூற்று சொட்டிக்கொண்டிருந்தது. ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாக நடந்து வந்தாள். உடம்பு பெருத்திருந்தது. கண் மட்டும் அதே கண்.

முதல் பாட்டு ஒப்பேறியது. இரண்டாவதாக அவள் அந்தப் பழைய பாட்டையே எடுத்தாள். 'வா'. ஒரு படி, இரண்டு படி. வஸ்பிக்கு மறுபடி மொட்டை மாடி, மறுபடி மஞ்சள் பனி. நாலாவது படியில் அவர் அவள் கையைப் பார்த்துவிட்டார். கைக்குட்டையை அது கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. குரல் உச்சிக்குப் போகாது என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. இன்னும் இரண்டு படியில் உடையும். இத்தனை பேர் முன்னால் உடையும்.

"அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு வஸ்பி எழுந்து நின்றார்.

அந்தச் சத்தத்தில் உச்சி என்ன ஆயிற்று என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் சட்டென்று கீழே இறங்கி அடியை முடித்துக்கொண்டாள். முற்றம் முழுவதும் வஸ்பியைத் திரும்பிப் பார்த்தது. இமாம் குனியுமுன் தொழுகையில் குனிந்துவிட்டவனைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பாதி ஏறுகிற பாட்டில் கத்துவது கிராமத்திலிருந்து முதல்முறை வந்தவன் செய்கிற காரியம்.

"என்னய்யா, காதுல பஞ்சு போயிடுச்சா?" என்றார் கராபெத் வெளியே வரும்போது. சிரிப்பாகத்தான் தொடங்கினார், சிரிப்பு முடியவில்லை. மசாலாக் கடை கத்ரி ஹாஜியார், முன்வரிசைக்கே மூத்தவர், எப்போதும் தோளில் கைபோட்டு நடப்பவர், அன்று தடியை ஊன்றிக்கொண்டு தனியாகப் போனார். திரும்பிப் பார்த்து, "வியாழக்கிழமை கொஞ்சம் பின்னாடி உக்காருங்க அபூ நஸ்மி. ஓய்வா இருக்கும்," என்றார். மரியாதையாகச் சொன்னார். அதுதான் குத்தியது.

உண்மையைச் சொன்னால் தௌலத் ஹானத்தின் மானம் போகும். தன் மானம் போனால் போகட்டும் என்று வஸ்பி நடந்தார். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பஹியா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் நண்பகலில் கராபெத்தின் குரல் கேட்டது. "இதோ, இந்தக் கடைதான், ஹானம்." தௌலத் ஹானம் தனியாக உள்ளே வந்தாள். கராபெத் மனசே இல்லாமல் தன் கடைக்குத் திரும்பினார். அவள் அடுக்கியிருந்த போர்வைகளின் மேல் உட்கார்ந்தாள்.

"நேத்து ஏன் கத்துனீங்க?"

"நல்லா இருந்துச்சு ஹானம். தாங்க முடியல."

"பொய்."

வஸ்பி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"கெய்ரோல பொய்க்குப் பஞ்சமா?" என்றாள் அவள். "கொட்டகைக்காரன் இன்னும் பத்து வருஷம் பாடலாம்ங்கறான். டாக்டர் தேன் குடிங்கறார். கூட வாசிக்கிறவங்க என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறாங்க. நிறுத்தறதா வேண்டாமான்னு கேக்க எனக்கு உலகத்துல ஒரு வாய்தான் இருந்துச்சு. அது மூடியிருந்தா தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். அதையும் நேத்து தொறந்துட்டீங்க."

"ஊர் முன்னாடி நீங்க விழறத எப்படிப் பார்ப்பேன்?"

"விழுந்திருந்தா எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப நடுவுல தொங்கறேன், வஸ்பி."

இருபத்தேழு வருஷத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கடைக்கதவைப் பாதி சாத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், 'வா' என்று தொடங்கினாள்.

கீழ்ப் படிகளில் குரல் இன்னும் தேன்தான். வெளிச்சத் தூணில் பஞ்சு அசையாமல் நின்றதுபோல் இருந்தது. மூன்றாவது படியில் வஸ்பிக்குத் தொண்டை வரை "ஆஹ்" வந்துவிட்டது. அது இந்தப் பாட்டுக்கு வந்தது இல்லை, அன்று மொட்டை மாடியில் கேட்ட பாட்டுக்கு வந்தது. அந்த வித்தியாசம் தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! விழுங்கினார். ஆறாவது படியில் குரல் நடுங்கியது. ஏழாவதில் உடைந்தது. பஞ்சு நிறைந்த கடையில் எதிரொலி கிடையாது. உடைந்த குரல் உடைந்த இடத்திலேயே விழுந்து கிடந்தது. அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வஸ்பி முகத்தைத் திருப்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. உதடு மட்டும் திறக்கவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரிய சுமையை இறக்கி வைத்தவளைப்போல் தோள் தளர்ந்தது. "வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். ஒரு தலையணை தச்சுக் குடுங்க. முப்பது வருஷமா ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாடியிருக்கேன். இனிமே தூங்கணும்."

அவர் அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு, சந்தையின் வெளிச்சத்திலும் நிழலிலும் மாறி மாறிப் புகுந்து, கூட்டத்தில் மறைந்து போனாள்.

கராபெத் அதற்காகவே காத்திருந்தவர்போல் ஓடி வந்தார். "பாட்டுச் சத்தம் கேட்டுச்சே! உனக்காகவே பாடினாங்களா? எப்படிய்யா இருந்துச்சு?"

வஸ்பிக்கு நன்றாகத் தெரியும். இப்போது சும்மா இருந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

"நேத்தைவிட நல்லா இருந்துச்சு," என்றார். "கத்தாம இருக்கத்தான் பெரும்பாடு பட்டேன்."

கராபெத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் காதும் லேசுப்பட்டது இல்லை. தெருவைத் தாண்டி ஏதோ உடைந்த சத்தம் அதில் விழுந்திருந்தது.

"வஸ்பி, உனக்குக் காது போயே போச்சு."

"ஆமாண்ணே," என்றார் வஸ்பி. "போயிடுச்சு."