பூந்தமல்லியில் கிரான்பெரியும் களாக்காயும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஞாபகமும் தப்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவடியிலிருந்து வந்து பூந்தமல்லியில் இறங்கி நிற்கிறேன். ஐயப்பன்தாங்கலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேறு பஸ் பிடிக்க வேண்டும். நிழலில் ஒரு பெண் களாக்காய் விற்கிறாள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய கிரான்பெரி நினைவு வருகிறது. காய்ந்த பழம், நல்ல புளிப்பு. அங்கே குளிர்ந்த சதுப்பு நிலத்தில் படர்கிற கொடியாம். அறுவடைக்குத் தண்ணீர் கட்டினால் பழமெல்லாம் மிதக்குமாம். நீர்க்கடுப்பு வராமல் காக்கும் என்றும் எழுதியிருந்தாள். பொட்டலம் தீர்ந்துவிட்டது. எனக்கோ நான்கு நாளாகக் கடுப்பு. டாக்டரிடம் சொல்ல வெட்கம்.

"ஏம்மா, இதுவும் கிரான்பெரியும் ஒண்ணா? அது தண்ணியில மெதக்குமாம்."

"மெதக்கறதுக்கு இது இன்னா கப்பலா ஆயா? முள்ளுச்செடில காய்க்கறது." சிரித்துக்கொண்டே ஒரு காயைக் கிள்ளிக் காட்டுகிறாள். பால் கசிகிறது. கிரான்பெரியில் பால் வருமா என்று மகள் எழுதவில்லை.

"எதுக்குக் கேக்கற?"

யாரிடமும் சொல்லாததை அவள் காதருகே சொல்கிறேன்.

எனக்குக் காய் போட்டுத் தர மடித்த காகிதத்தைக் கீழே வைத்துவிடுகிறாள். "அதுக்கா இத்த துன்னப் போற? நான் குடுக்க மாட்டேன். எனுக்கும் வந்துச்சு. ஆஸ்பத்திரில லேடி டாக்டரு கீறாங்க. என்னாண்ட சொன்னியே, அவங்களாண்ட சொல்ல இன்னா கூச்சம்?"

ஐயப்பன்தாங்கல் பஸ் வருகிறது. நான் ஏறாமல் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறேன்.

கிரான்பெரியைக் கிள்ளினால் பால் வருமா? கடுப்புக்கு மகள் எழுதியது சரிதானா? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.