ரஸ் கிரிக் அறுத்த துப்பாக்கிகள்

தன் அப்பா ஒரு குற்றவாளி என்பது வெல்டன் கிரிக்குக்கு அறுபத்தோராவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அப்பாவைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே குறை, மனிதர் காப்பியில் உப்புப் போட்டுக் குடிப்பார் என்பதுதான்.

வெல்டன் என் பக்கத்து வீட்டுக்காரர். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் மான் வேட்டைக்குப் பள்ளிக்கூடமே விடுமுறை விடும். இங்கே குடியேறிப் பதினேழு வருடமாகியும், மேசைமேல் துப்பாக்கி கிடந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துவிட்டுத்தான் நான் நாற்காலியை இழுப்பேன்.

அவருடைய அப்பா ரஸ், ராணுவம் கழித்துக்கட்டிய இரண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளை அந்தக் காலத்தில் தபாலில் வரவழைத்தார். பிறகு ஊரில் எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார். குழலை நுனிவரை போர்த்தியிருந்த மரக்கட்டையை ரம்பத்தால் அறுத்துக் கனத்தைக் குறைத்தார். தொலைநோக்கி பொருத்தத் துளை போட்டார். வார்னிஷ் அடித்தார். மகள் நாடினுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுடைய துப்பாக்கியில் தோளில் அணைக்கும் பின்கட்டையையும் அறுத்தார்; அவள் கை வளர வளர, ஆண்டுக்கொரு பலகைத் துண்டை அதில் ஒட்டிக்கொண்டே வந்தார். செர்ரி, மேப்பிள், மறுபடியும் செர்ரி.

ரஸ் இறந்தபின் துப்பாக்கிகள் அக்காவுக்கொன்று தம்பிக்கொன்றாக வந்தன. வார்னிஷுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டு வெல்டன் இரண்டின் படத்தையும் இணையத்தில் ஒரு சேகரிப்பாளர் குழுவில் போட்டார். எண்ணெயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ராணுவத் துப்பாக்கியின் அசல் உருவத்தில் கைவைப்பது அங்கே பெருங்குற்றமாம். கசாப்புக்கடைக்காரன் கூட இப்படி வெட்டமாட்டான் என்றார் ஒருவர். ஒருவர் அழுகிற முகம் ஒன்றைப் போட்டார். நாடினின் பின்கட்டையைப் பார்த்து, இந்த அடுக்கு கேக்குக்கு மெழுகுவத்தி எங்கே, பிறந்தநாள் எப்போது என்று கேட்டார் இன்னொருவர்.

மூன்று நாள் வெல்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் அந்தக் குழுவின் மதத்துக்கே மாறிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டுக்குப் பார்சல்கள் வந்தன. முழு நீளக் கட்டை, பழைய இரும்பு வளையம், சரியான ஆண்டின் திருகாணி. சரியில்லாத ஆண்டின் திருகாணி ஒன்று வந்தபோது, உறவில் ஒரு சாவு விழுந்தது போல எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தொலைநோக்கியைக் கழற்றினார். துளைகளை அடைத்தார். அப்பா இழைத்த கட்டையை அடுப்பு விறகோடு எறிந்தார். துப்பாக்கி பழைய நிலைக்கு வந்துவிட்டது. அடுத்தது நாடினுடையதுதான் என்றார்.

பள்ளி உணவகத்தில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிச் சமைத்துப் போடுகிறவள் நாடின். அப்பாவின் ரம்பம் பட்டதை யாரும் தொடக்கூடாது என்றாள். வெல்டன் விடவில்லை. கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள்: வேட்டையின் முதல் நாள் அவன் அந்தப் 'பழைய நிலை'யை வைத்து ஒரு மான் அடித்தால், தன் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவதாக.

முதல் நாள் காலை வெல்டன் மரத்தில் கட்டிய பரணில் இருந்தார். எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒன்று அறுபது கஜத்தில் வந்து நின்றது. தொலைநோக்கி இல்லாமல், படிக்கிற கண்ணாடி போட்டால் துப்பாக்கியின் குறிமுனை தெரிந்தது, மான் தெரியவில்லை. கழற்றினால் மான் தெரிந்தது, குறிமுனை கரைந்துபோனது. கண்ணாடியை அவர் நாலு தரம் போட்டுக் கழற்றிய வரைக்கும் மான் பொறுமையாக நின்றது என்று அவரே சொன்னார். பிறகு அது சரிவில் இறங்கியது. கீழே நாடின் இருந்தாள். ஒரே வெடி.

வேட்டைக் குடிலில் நாடின் கை கழுவினாள். ஐம்பது அறுபது வருடமாகக் கிரிக் குடும்பம் கை துடைக்கும் துண்டு, தொட்டிக்குமேல் ஒரு கருத்த கட்டையில் தொங்கியது. துடைக்கப் போன வெல்டனின் கை பாதியில் நின்றது. கட்டையின் உட்புறம் நீளவாக்கில் ஒரு பள்ளம். குழல் படுக்கும் பள்ளம். கோடை முழுக்க அவர் காசு கொடுத்துத் தேடியதன் அசல்.

"இது அப்பா அறுத்தெடுத்த கட்டை," என்றார்.

"பின்ன என்னன்னு நெனச்ச? நாம சின்னதுலேருந்து இதுலதானடா கை தொடைக்கிறோம்."

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வண்டியை விரட்டிப்போய்க் குழுவைக் கேட்டுவிட்டு வந்தார் வெல்டன். கழுவாதே, துப்பாக்கியில் இருந்த மிச்சக் கட்டையோடு ஒட்டினால் இதற்கு ஈடு கிடையாது என்று கட்டளை வந்திருந்தது. ஆனால் அந்த மிச்சக் கட்டையைத்தான் அவர் விறகில் எறிந்துவிட்டாரே.

நாடின் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தாள். பந்தயம் வைத்த அன்றே விறகிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

வெல்டன் தொட்டிக்குமேல் இருந்ததைக் கழற்றி, இரண்டையும் முனைக்கு முனை சேர்த்து விளக்கில் பிடித்தார். நடுவில் மயிரிழை வெளிச்சம்கூட வரவில்லை. கசாப்புக்காரன் ரஸ், சமையலறை மேசையில் கைரம்பத்தால், அளவுகோல் வைத்தது போல அறுத்திருந்தார்.

"ஒட்டிக்க. நீ தோத்தாலும் என்னுதையும் தர்றேன், எடுத்துக்க," என்றாள் நாடின். "துண்ட எங்க மாட்டறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

வெல்டன் அந்த அறுத்த முனையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, "ரொம்ப நேரா அறுத்திருக்காரு," என்றார். "சுத்தியல் எங்க?"

துண்டு தொங்கிய கட்டையைப் பழைய இடத்திலேயே அடித்தார். அடுத்த வாரம் அப்பாவின் குட்டைக் கட்டையும் தொலைநோக்கியும் துப்பாக்கிக்குத் திரும்பின. அதைப் படமெடுத்து, 'பழைய நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று' என்று குழுவில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். நாடினின் மூன்றடுக்கு கேக்கை யாரும் தொடவில்லை.

கோடையில் வாங்கிய அசல் ராணுவக் கட்டை குடிலின் அடுப்புக்குமேல் இருக்கிறது. நல்ல நீளம். ஈரக் காலுறை ஆறு ஜோடி காயும்.