குத்தாத காது

அக்கா மகள் பிறந்த சில வாரங்களிலேயே, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கொழும்பில் அறுவை நடந்த அன்று, பிள்ளை பிழைத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக அக்கா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது.

அக்கா கடைச் சிங்களம் நன்றாகவே பேசுவாள். டாக்டரின் சிங்களம் வேறு. எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்தவன் நான் மட்டும்தான் என்பதால் கிளினிக்கில் அவர் சொல்வதை நான்தான் அவளுக்கு விளக்குவேன். இதயத்துக்கு முன்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறதாம். கிருமியோடு போராடும் அணுக்கள் குழந்தைகளுக்கு அங்கேதான் பழக்கப்படுகின்றன. அறுவைக்கு வழிவிட அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தானாகப் போகிற சளி இவளுக்கு நெஞ்சில் தங்கும். பழுதான வால்வில் கிருமி ஒட்டினால் இன்னும் மோசம். அந்த அணுக்கள் அங்கே போய்ச் சேர்வதே கடினம். வாயிலோ தோலிலோ சின்னப் புண் வந்தாலும் கிருமிக்கு அது வழி. காது குத்துவதை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொன்னார்.

காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அந்த மாமனான நானே வேண்டாம் என்று நின்றேன். லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பியது. "படிச்ச மாமன், ஒரு ஜோடி தோட்டுக்குப் பயந்துட்டாரு" என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை. அக்கா மொட்டை மட்டும் போட்டுவிட்டு, காதுக்கு அம்மனிடம் தவணை கேட்டாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கேட்டாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது என்று மகளை அங்கே விடாமல், கொழுந்தெடுக்கப் போவதையும் நிறுத்தினாள்.

இந்த வருடம் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வால்வில் கிருமி என்றார்கள். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று உள்ளே சொத்தை. பல்லைக் கவனிக்கும்படியும் எங்களிடம் சொல்லித்தான் இருந்தார்கள். தினமும் விளக்கினோம். சிரித்தால் தெரிகிற பல்லெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது.

வார்டு வாசலில் அக்கா அழவில்லை. "காதக் குத்தியிருந்தா அம்மனாவது நம்ம பக்கம் இருந்திருக்கும்டா" என்றாள். என்னிடம் அதற்கு விஞ்ஞானத்தில் பதில் இருந்தது.

மருந்து நரம்பு வழியாக வாரக்கணக்கில் ஏறுகிறது. கிருமி அடங்கவில்லை. மறுபடி அறுவை செய்ய வேண்டும், ஆனால் அதைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இல்லை என்று இன்று காலை டாக்டர் சொன்னார். அதையும் நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

பிறகு நர்ஸ் புது ஊசி ஏற்ற வந்தார். அசையாமல் பிடிக்க அவளை என் மடியில் உட்கார வைத்தார்கள். இரண்டு கையிலும் நரம்பு கிடைக்கவில்லை. காலில் தேடினார்கள்.

"மாமா, கையில எடம் இல்லன்னா காதுல குத்தச் சொல்லுங்க."

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.