தட்டிப் பாத்தியா

எங்கப்பா செத்து ஒரு மாசம் ஆகப்போகுது. சாவுக்கு வந்தவங்க எல்லாரும் நல்லதா பேசுனாங்க. அந்தமான்ல பெரார்கஞ்ச் பக்கத்துல எங்க ஊருக்கு அவரு பிரதானா, அதாவது பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்பதான் கொழாய்த் தண்ணி வந்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு சுவரு வந்துச்சு. அப்புறம் தலையச் சாய்ச்சுக்கிட்டு, "அந்த பங்கா விஷயம் மட்டும் நடக்காம இருந்திருந்தா"ன்னாங்க. அந்த பங்கா விஷயத்த செஞ்சது நான்.

பங்கான்னா இங்க டிங்கிக்கு, மோட்டார் படகுக்கு பின்னால தண்ணிக்குள்ள சுத்துமே, அது. அப்பாவோட பட்டறைல பழைய கப்பல் பித்தளைய உருக்கி ஊத்துவோம். புது பங்கா மெயின்லேண்ட்லேருந்து வர்றதுக்கு கப்பல் பாத்து காத்துக் கெடக்கணும், அதனால வண்டூர் வரைக்கும் எங்க பங்காதான். நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன். படிப்பு ஏறல. மண்ணு அச்சு போட மட்டும் கை நல்லா வந்துச்சு. "என் பொண்ணு அச்சு போட்டா முடி கூட பதியும்"னு பஞ்சாயத்து மீட்டிங்லயே பெருமையடிப்பாரு.

எங்க ஊர்ல மழை பேஞ்சா மண்ணு ஈரம் குடிச்சுக்கிட்டே இருக்கும். அச்சுக்குள்ள செரட்டை நெருப்பு போட்டு ஒரு முழு நாளு காய வைக்கணும். ஈரத்துல ஊத்துனா ஆவி கெளம்பி பித்தளைக்குள்ள ஓட்டை விழுந்துடும். மேல தெரியாது. அதுக்குத்தான் அப்பா ஒவ்வொரு பங்காவையும் கம்பில தொங்கவிட்டு சின்ன சுத்தியால தட்டுவாரு. நல்லதுன்னா கணீர்னு நிக்கும். ஓட்டைன்னா தொப்புன்னு செத்துப்போகும்.

அன்னைக்கு குட்வில் எஸ்டேட்ல என் சிநேகிதிக்கு ஹல்தி, கல்யாணத்துக்கு முன்னால மஞ்ச பூசற சடங்கு. மஞ்சப் புடவை எடுத்து வச்சிருந்தேன். காலைலேயே வண்டூர்க்காரரு ஒருத்தரு வந்து, சாயங்காலத்துக்குள்ள பங்கா வேணும்னு சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப நாள் பழக்கம், அப்பாவ அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. அவரு போனதும் அப்பா தண்ணிக் கொழாய் தகராறுன்னு பக்கத்து கிராமத்துக்கு போயிட்டாரு. நான் அச்சு மேல மட்டும் புளோ லேம்ப் நெருப்ப காட்டிட்டு நானே ஊத்திட்டேன். ஒடச்சு எடுத்தா எலை சேர்ற எடத்துல மொளகு அளவு ஓட்டை. பசைல பித்தளைத் தூள கொழச்சு அடச்சு, தேச்சு, மினுக்கிட்டேன். அழகா இருந்துச்சு.

அப்பா போன் பண்ணாரு. "பாப்பா, தட்டிப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

"சத்தம் எப்பிடி?"

"நல்லா இருக்குப்பா."

"அப்ப குடுத்துரு. நல்ல பங்கான்னு நானே சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு."

ஹல்தில நான் நல்லா ஆடுனேன்.

நாலு வாரம் கழிச்சு கடல்ல அந்த பங்காவோட எலை பிச்சுக்கிச்சு. வண்டூர்க்காரரும் அவரு மகனும் ரெண்டு நாளு தண்ணி இல்லாம மெதந்தாங்க. வேற டிங்கிக்காரங்க பாத்து இழுத்துக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் பொழச்சாங்க, ஆனா மகன் அப்புறம் கடலுக்கே போகல.

வண்டூர்க்காரரு பட்டறை வாசல்ல வந்து நின்னு ஒடஞ்ச பங்காவ தூக்கி எறிஞ்சாரு. மனு குடுக்க வந்தவங்க ஒரு இருவது பேரு நின்னாங்க. "இந்தா உன் பங்கா பிரதான்ஜி! உன் வார்த்தையும் இப்பிடித்தானா, மேல மினுக்கு, உள்ள ஓட்டை?"

அப்பா குனிஞ்சு எடுத்தாரு. ஒடஞ்ச எடத்த வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. பசை தெரிஞ்சிருக்கும். அவருக்குத் தெரியாம எப்பிடி இருக்கும்? என்னைப் பாக்கவே இல்ல. "நான்தான் ஊத்தினேன். தப்பு என்னோடது"ன்னாரு.

நான் மூணடி தள்ளி சல்லடைய கையில வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் திரும்பி மண்ணு சலிக்க ஆரம்பிச்சேன்.

வீட்டுலயும் அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அதுவும் பொய்தான், சொல்லிருக்க மாட்டேன்.

எலக்சன்ல "பங்கா பிரதான், தண்ணில போயேகா"ன்னு பசங்க தமிழையும் இந்தியையும் கலந்து ஆட்டோல மைக்கு வச்சு கத்திட்டுப் போனாங்க. அப்பா தோத்தாரு. அம்மா கடைக்கு போறதையே விட்டுட்டாங்க. அப்பா பட்டறைக்கு வந்து நான் போட்ட ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ தட்டுவாரு. அந்த ரெண்டாவது தட்டுதான் எனக்கு அடி. போன மாசம் மழைல நெஞ்சு வலின்னு போர்ட் பிளேருக்கு கொண்டு போனோம், வழிலயே போயிட்டாரு.

வண்டூர்க்காரரு சாவுக்கு வரல. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்கப் போறேன்னு நானே போனேன். வலை தச்சுக்கிட்டு இருந்தாரு. வாசல்ல நின்னே எல்லாத்தையும் சொன்னேன். ஊசி நின்னுச்சு.

"அப்ப அண்ணன் ஊத்தலையா?"

"இல்ல மாமா. அவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல."

வலைய மடிலேருந்து தள்ளி வச்சாரு. அப்புறம், "சண்டாளி, ஒரு வருசம் முன்னாடி சொல்லிருந்தா நான் போய் அவரு கால்ல விழுந்திருப்பேனே. இப்ப யாரு கால்ல விழறது?"ன்னாரு. என்னை திட்டுனாரா அழுதாரான்னு எனக்கே தெரியல. "என்கிட்ட சொல்லி என்ன? ஊரு முன்னாடி அவர பேசுனேன். ஊரு முன்னாடி சொல்லு."

பதினாறுக்கு அவரு வந்தாரு, கடைசி வரிசைல உக்காந்தாரு. பெங்காலிக்காரங்க, தெலுங்குக்காரங்க எல்லாம் இருந்தாங்க, அதனால இந்திலதான் சொன்னேன். "வோ பங்கா மைனே பனாயா தா. பாபா நே நஹி. மைனே ஜூட் போலா." பங்கா நான் செஞ்சது, அப்பா இல்ல, நான்தான் பொய் சொன்னேன். மூணு வரி. ஒன்றரை வருசமா வராத மூணு வரி. ஒருத்தர் இருமுனாரு. ஒரு கெழவரு எழுந்து அப்பா போட்டோவப் பாத்து கும்பிட்டுட்டு வெளிய போனாரு.

பொம்பளைங்க பக்கம் அம்மா என்னையே பாத்தாங்க. அன்னைலேருந்து பேசல. சோறு போடுவாங்க, கொழம்பு ஊத்துவாங்க, தட்ட நகத்துவாங்க, அவ்வளவுதான். "உன்ன காப்பாத்தப்போயி என் புருசன் தலை குனிஞ்சாரு"ன்னு ஒரு தடவ திட்டிட்டா கூட நல்லா இருக்கும்னு நெனச்சேன்.

பதினோரு நாளு ஆச்சு. பட்டறைல ஒரு பங்காவ கம்பில தொங்கவிட்டு தட்டுனேன். கணீர்னுச்சு. எறக்கப் போனேன். பின்னால அடுக்களை ஜன்னல்லேருந்து அம்மா சத்தம்.

"இன்னொரு தடவ தட்டு."