துரு வளர்க்கும் மதினி

"தம்பி, அந்த நெறம் வந்துருச்சு. உடனே வாரீகளா?"

போன வாரம் மதினியிடமிருந்து போன். என் அண்ணன் மனைவி. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, சிவகங்கையில் காரைக்குடி பஸ் ஏறினேன்.

மதினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். இரும்பைத் துருப் பிடிக்காமல் காப்பது எப்படி? சர்வீஸ் முழுக்க இதே ஆராய்ச்சிதான். ரிட்டயர் ஆனதும் என்ன செய்கிறார் தெரியுமா? மொட்டைமாடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி வைத்துத் துரு வளர்க்கிறார்!

படம் வரைகிறாராம். பிரஷ் கிடையாது, பெயிண்ட் கிடையாது. உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வெயில், பனி... துருவேதான் நிறம். பிறந்த ஊரான ஒக்கூரின் கண்மாய், தகட்டில் மெல்ல மெல்ல வந்துவிட்டது. கரை வந்தது, கருவேல மரங்கள் வந்தன. மழை விட்ட சாயங்காலத்தில் தண்ணீர் மேல் விழும் அந்த ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் வரவே இல்லை. ஒருமுறை வந்தது — மறுநாளே பழுப்பாகிப் போனது.

"இதில் ஓவியம் எது மதினி, கெமிஸ்ட்ரி எது?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அந்த வெளிச்சம் ஏன் அந்த நெறத்துல இருக்குன்னு சின்னப் பிள்ளையில கேட்டேன். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா, திரும்பப் பாக்கணுங்கிற ஆசை போகலையே தம்பி."

அந்த நிறம்தான் வந்துவிட்டது என்கிறார். ஓடாமல் இருக்க முடியுமா?

மாடி ஏறினால், அண்ணன் நிற்கிறார். கையில் பிரஷ், முகத்தில் பெருமை. கீழே தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்று ரொம்ப நாளாகவே அவருக்குப் புலம்பல். தேறாத தகடுகளைச் சுவரோரம் சாய்த்து வைப்பது மதினி வழக்கம். அன்றைக்கு வெயில் படக்கூடாதே என்று நிறம் வந்த தகட்டையும் அங்கே வைத்துவிட்டு, எனக்காகக் கறி வாங்கப் போயிருக்கிறார். அண்ணன் தொட்டி மூடிக்கு ஆகுமென்று அதை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பாக்கி, ரெட் ஆக்சைடு அடித்துவிட்டார். இனி துருவே பிடிக்காதாம்!

மதினி வந்தார். பார்த்தார். வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, தகட்டின் ஓரத்தை விரலால் தடவினார்.

"வந்துருந்துச்சுங்க. நெசமாவே வந்துருந்துச்சு."

அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுத் தகடு ஒன்றை எடுத்து உப்புத் தண்ணீர் தெளிக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. பார்க்காத ஒரு நிறத்துக்காக மனசு இப்படி அடித்துக்கொள்ளுமா என்ன?

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு நினைப்பு. குழந்தை துருதுருவென்று இருந்தால் கொஞ்சுகிறோம். அதுவே துருவித் துருவிக் கேள்வி கேட்டால், 'சும்மா இரு' என்று அதட்டுகிறோம். அதுவும் சும்மா இருந்து பழகிவிடுகிறது. அப்புறம் நம்மைப் போலவே துருப் பிடித்துவிடுகிறது. எதற்காவது இப்படி ஏங்கி எனக்கு எத்தனை காலமாயிற்று!

நேற்று அண்ணனிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். இப்போதெல்லாம் விடிந்ததும் மதினிக்கு முன்னால் மாடி ஏறிவிடுகிறாராம்.

"புதுத் தகட்டு ஓரத்துல லேசா ஆரஞ்சு தெரியுதுடா. அதுதானா இது? எனக்குச் சொல்லத் தெரியல. தேய்ச்சது நான்தான்... ஆனா, அதைப் பாக்கலையேடா."