தூராத துளைகள்

ஸ்பாஞ்சை வெள்ளைப் பீங்கான் கூழிலிருந்து எடுத்துப் பிழிகிறாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். தூர்ந்த துளைகளில் வாய் வைத்து ஊதுகிறாள். கன்னத்தில் கூழ் தெறிக்கிறது. துடைத்துக்கொள்வதில்லை. காந்திமதி பாளையங்கோட்டைக்காரி. மண்ணூரில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் செயற்கை எலும்புத் துண்டு செய்கிறாள்.

ஃபர்னஸில் ஸ்பாஞ்ச் எரிந்துபோகும். அதன் துளைகளோடு பீங்கான் மட்டும் மிஞ்சும். எலும்பு சிதைந்த இடத்தில் அதை வைத்தால், துளைகளுக்குள் புது எலும்பு வளர வேண்டும். கூழ் மெலிந்தால் துண்டு விரலிலேயே நொறுங்குகிறது. தடித்தால் துளைகள் தூர்ந்துபோகின்றன. இரண்டுக்கும் நடுவில் சில வருடங்களாக நிற்கிறாள்.

நிற்க விடுகிறார்களா? சூடு ஏறும் நேரம் பார்த்து மின்சாரம் போகும். எல்லாத் துண்டுகளிலும் விரிசல். "நிறுத்துததுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று மின்வாரியத்துக்குப் போன் போடுவாள். அவர்கள் வைத்த பிறகும் பேசுவாள். ஸ்பாஞ்ச், இருங்காட்டுக்கோட்டையில் கார் இருக்கைக் கழிவு விற்பவரிடமிருந்து வருகிறது. மூட்டைக்கு மூட்டை வேறு தினுசு.

"அண்ணாச்சி, போன தடவ சல்லடை. இது இட்லி மாதிரில்லா இருக்கு?"

"சீட்ல குந்தினா ஒண்ணும் தெரியாதும்மா."

கல்லூரி ஆய்வகத்தில் துண்டுகளை அழுத்திப் பார்க்க நாள் குறித்தார்கள். தாங்காவிட்டால் இனி ஃபர்னஸில் டைல்ஸ்தான் என்று முதலாளி வரதராஜன் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. அவள் விடுப்பில் இருந்த நாளில் ஸ்பாஞ்சைக் கூழில் இரண்டு முறை முக்கவைத்துச் சுட்டெடுத்துவிட்டார். புறப்படும் காலையில் அதில் ஒன்றைத் தரையில் போட்டுக் காட்டினார். உடையவில்லை.

"பாத்தியா, இன்னா ஸ்ட்ராங்கா கீது!"

"ஓட்டை எங்க சார்? எலும்பு வெளிய நின்னு கதவத் தட்டவா?"

"லேப்காரன் ஓட்டையா கேட்டான்? அமுக்கித்தான பாக்கப்போறான். பாஸாவுமா, ஆவாதா?"

"ஆவும்."

"அப்புறம் இன்னாம்மா உனுக்கு?"

காந்திமதி பெட்டியைத் திறந்தாள். அவர் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். தன் துண்டுகளைப் பஞ்சின் மேல் அடுக்கினாள்.

"புட்டுக்கிச்சுன்னா என்னாண்ட வந்து அழாத," என்றார் வரதராஜன்.

வேனில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வேகத்தடை தெரிந்ததும் எழுந்து, கூரைக்குக் கீழே குனிந்து நின்று, பெட்டியை அந்தரத்தில் ஏந்திக்கொண்டாள்.

"உக்காருக்கா, தல இடிக்கும்," என்றான் ஓட்டுநர் ஐயனார்.

"நீ ரோட்டப் பாருடே."

உட்கார்ந்தாள். அடுத்த வேகத்தடை வெகுதூரத்தில் இருக்கும்போதே எழுந்துவிட்டாள்.