பரீட்சைக்காகச் சொன்ன பொய்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருடம் இன்ஜினியராக இருந்தேன். வேலையில் குறை ஒன்றுமில்லை, மனம்தான் ஒட்டவில்லை. யாருக்கும் தெரியாமல் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். தேர்வு நாளில் ஆள் குறைவு என்று லீவு மறுத்தார்கள். அம்மாவுக்குக் காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினேன்.

மறுநாள் காலை ஆபரேட்டர் ஏழுமலை என்னிடம் வந்தார். மண்ணூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அம்மா எப்படி கீறாங்க சார்? ரத்தம் தேவைப்படும்னு நாங்க மூணு பேர் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா காஞ்சிபுரம் போனோம். உங்க போன் ஆஃப்ல இருந்துச்சு. உங்க பேரைச் சொல்லி ரெண்டு மூணு ஆஸ்பத்திரில கேட்டோம். தெரியலன்னுட்டாங்க."

அவர் குரலில் சந்தேகமே இல்லை. போயும் உதவ முடியவில்லையே என்ற வருத்தம்தான் இருந்தது. வேறொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அம்மா வீட்ல நல்லாத்தான் இருக்காங்க. நான் பேங்க் பரீட்சை எழுதப் போனேன்" என்றேன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லல்ல, அது போதும் சார். பரீட்சைன்னு எங்களாண்ட சொல்லியிருந்தா லைனை நாங்களே பாத்துக்கினு இருப்போமே" என்று சொல்லிவிட்டு ஏழுமலை தன் மெஷினுக்குப் போனார். மேனேஜர் காதுக்கு அது போகவே இல்லை.

இப்போது வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். மனுவோடு வருகிறவர் சொல்வது உண்மையா என்று விசாரிப்பதுதான் வேலை. அதைச் சரியாகத்தான் செய்கிறேன். ஆனால் ஒருவரையும் முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொல்ல இதுவரை எனக்கு வாய் வந்ததில்லை.